பெற்றோல் நிரப்பிய நாளில் மட்டும் நிற்கும் கார்

2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் நானும் மனைவியும் மீரியபெத்தைக்குப் புறப்பட்டோம். மண்சரிவு நிகழ்ந்து பத்து ஆண்டுகள் நிறைவுறும் வேளையில் அந்த இடத்தை மீண்டும் பார்த்து, ஒரு நீண்ட கட்டுரை எழுதவேண்டும் என்பது எனது எண்ணம். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் என்னைவிட்டுப் போகாத பழக்கங்களுள், ஆண்டு நிறைவுகளை நாட்குறிப்பில் குறித்துவைப்பதும் ஒன்று. அந்தக் கட்டுரையை இன்றுவரை எழுதி முடிக்கவில்லை. அதற்குப் பதிலாக எனது காரைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எனது கார் ஜப்பானிலிருந்து வந்த பழைய சிறிய கார். பல ஆண்டுகள் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. 2024 இன் தொடக்கத்திலிருந்து அதற்கு ஒரு விசித்திரமான நோய் கண்டது. திடீரென்று ஸ்டார்ட் ஆக மறுக்கும். பலமுறை திருப்பினால், இருமி இருமி உயிர் பெறும். வீதி விளக்கில் நிறுத்தினால் இயந்திரம் நடுங்கும். சில வேளைகளில் அப்படியே அணைந்துபோகும். பெற்றோல் வாடை வரும். பின்னர் நாட்கணக்கில் எதுவுமே நடவாததுபோல ஒழுங்காக ஓடும்.

கொழும்பில் ஒரு கராஜில் காட்டினேன். முதலில் பிளக்குகளை மாற்றினார்கள். இரண்டு வாரம் சுகமாக இருந்தது. பின்னர் பற்றரியை மாற்றினார்கள். பின்னரும் நின்றபோது, எரிபொருள் பம்ப்தான் காரணம் என்று தீர்ப்பு வழங்கி, அதையும் மாற்றினார்கள். அந்தப் பணம் இருந்திருந்தால் எனது நூல் ஒன்றை அச்சிட்டிருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஸ்கானர் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். அது எந்தக் குறையையும் காட்டவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. கருவியே குறையில்லை என்று சொல்லும்போது நாம் என்ன சொல்வது?

மனைவி மாத்திரம் ஒருநாள் சொன்னாள்: "பெற்றோல் அடிக்கிற அன்னைக்குத்தான் இது இப்படிப் பண்ணுது, கவனிச்சீங்களா?" நான் கவனிக்கவில்லை. பெற்றோல் தரம் குறைந்திருக்கலாம் என்று ஏதோ பதில் சொல்லிவிட்டு, பத்திரிகையைப் புரட்டத் தொடங்கினேன். கேட்டதை எழுதிவைப்பதே தொழிலாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இரத்தினபுரி வழியாகப் போனோம். பலாங்கொடையில் தாங்கியை நிரப்பினேன். நிரப்பியதும் கார் வழக்கம்போல முரண்டு பிடித்து, நாலாவது முறையில் கிளம்பியது. மனைவி எனது முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றத்தில் குறையொன்றும் தெரியவில்லை. காலை அழுத்தியிருக்கும்வரை அது ஓடுகிறது. பெரகலைச் சந்தியில் ஹப்புத்தளைப் பாதையை விட்டு, கொஸ்லந்தைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும்தான் விபரீதம் நேர்ந்தது. ஒரு வளைவுக்கு முன்பாக அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இயந்திரம் இரண்டு தடவை நடுங்கி அணைந்தது.

சமவெளியில் கார் நின்றால் அது தொல்லை. மலை இறக்கத்தில் அணைந்தால் கதை வேறு. ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்கு வலுக் கொடுப்பது இயந்திரம் உறிஞ்சும் வெற்றிடம். இயந்திரம் அணைந்தால், சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிகளுக்கே போதும். அதற்குப் பின்னர் பலகையை மிதிப்பதுபோல இருக்கும். இடப்புறம் மலை, வலப்புறம் பள்ளம், எதிரே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறிவந்தது. முதல் மிதியிலேயே காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து, கைப்பிரேக்கையும் இழுத்து, இடப்பக்கக் கானோரமாகக் காரை உரசி நிறுத்தினேன். பஸ் கடந்து சென்றது. மனைவி எனது கையைப் பிடித்திருந்தாள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

காரை விட்டு இறங்கி பொனற்றைத் திறந்தபோது, எனக்கு 1980களின் நினைவொன்று வந்தது. வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தைக்கு ஏறும் இதே வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்குக் கீழே, அலுவலகக் கார் ஒன்று இப்படித்தான் நின்றது. அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய கார். சாரதி பதற்றமடையவில்லை. ஓடையில் ஒரு சாக்குத் துண்டை நனைத்து, இயந்திரத்தோடு ஒட்டியிருந்த பெற்றோல் பம்பின் மேல் போர்த்திவிட்டு, பீடி பற்றவைக்கக் காரிலிருந்து எட்ட நடந்துபோனார். கால் மணி நேரத்தில் கார் கிளம்பிற்று. வெப்பத்தில் குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது; பம்பினால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியைத் தள்ள முடியாது என்று அவர் விளக்கினார். பெற்றோலின் இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியஸுக்குக் கிட்டவே கொதிக்கத் தொடங்கிவிடும். மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கொதிநிலை மேலும் இறங்கும். அக்காலத்து மலைநாட்டுச் சாரதிகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது.

கைக்குட்டையை நனைத்துப் போட, பம்ப் எங்கே என்று தேடினேன். கண்ணில் படவில்லை. அரை மணி நேரத்துக்குப் பின்னர் கார் தானாகவே மனமிரங்கிக் கிளம்பியது. நடைவேகத்தில் இறங்கி, கொஸ்லந்தைக்குச் சமீபமாக, வீதியோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறு கராஜில் நிறுத்தினேன்.

அங்கிருந்தவர் இருபத்துநான்கு, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தோட்டத்து இளைஞர். ஒரு முச்சக்கரவண்டியின் அடியில் படுத்திருந்தவர் எழுந்துவந்தார். எனது அறிவைக் காட்டும் ஆவலில், வேப்பர் லொக் ஆகியிருக்கும் என்றேன். அவர் சிரித்தார். "அது பழைய வண்டிக்கு ஐயா. இதுல பம்ப் டேங்குக்குள்ள பெற்றோல்லயே முங்கிக் கெடக்கு, அமுக்கித்தான் அனுப்பும். அவ்வளவு சுளுவா கொதிக்காது." பின்னர் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"எப்ப எப்ப நிக்குது?"

என்ன செய்கிறது என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். எப்போது என்று எவரும் கேட்கவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து மனைவி பதில் சொன்னாள். பெற்றோல் நிரப்பிய அன்று, நிரப்பிய உடனே, காலை எடுத்தால், கால் வைத்து ஓடினால் நிற்பதில்லை. மறுநாள் சரியாகிவிடும். இளைஞர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அம்மா சொல்றதுதான் சரி. அப்ப பம்பும் இல்ல, பிளக்கும் இல்ல. ஆவிதான். ஆனா வேற ஆவி."

அவர் சோதித்த முறையை விரிவாகவே எழுதுகிறேன். எவருக்காவது பயன்படலாம்.

தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. முன்னைய கார்களில் அந்த ஆவி வெளியே போய்விடும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று கண்டு, 1970 ஆம் ஆண்டுக் கார்கள் முதல் அதைப் பிடித்துவைக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் விதித்தது. அடுத்த ஆண்டில் அது அமெரிக்கா முழுவதற்கும் ஆயிற்று. அதற்காக வந்ததுதான் கனிஸ்டர் எனப்படும் கறுப்புப் பெட்டி. அதற்குள்ளே இருப்பது கரித்துணிக்கைகள். (சிரட்டைக் கரியிலிருந்து இத்தகைய உறிஞ்சு கரியைச் செய்து உலகுக்கு விற்கும் நாடுகளில் நமது இலங்கையும் ஒன்று.) கார் நிற்கும்போது அந்தக் கரி ஆவியைக் குடித்து வைத்துக்கொள்கிறது. கார் ஓடும்போது ஒரு சிறு மின்வால்வு திறக்கிறது. இயந்திரம் தன் உறிஞ்சலால் கனிஸ்டரினூடாக வெளிக்காற்றை இழுத்து, தேங்கிய ஆவியையும் சேர்த்து எரித்துவிடுகிறது. எப்போது எவ்வளவு திறக்கவேண்டும் என்பதைக் காரின் கணினி தீர்மானிக்கும். மின்சாரம் இல்லாவிட்டால் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். அதுதான் சோதனைக்குத் திறவுகோல்.

இளைஞர் இயந்திரத்தை ஓடவிட்டார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. வால்வுக்கு வரும் ரப்பர் குழாயைத் துணி சுற்றிய குறட்டால் மெதுவாக நெரித்தார். இரண்டு மூச்சு விடும் நேரத்தில் நடுக்கம் அடங்கி, இயந்திரம் சீராக ஓடியது. விட்டதும் மறுபடி நடுங்கியது. மூன்று முறை இப்படிச் செய்தார். பின்னர் வால்வின் மின்கம்பியைக் கழற்றினார். இப்போது அது மூடிவிட வேண்டும் அல்லவா? கனிஸ்டர் பக்கத்துக் குழாயையும் கழற்றி, வால்வின் வாயில் எனது விரலை வைக்கச் சொன்னார். விரலைப் பிடித்து உறிஞ்சியது. மின்சாரமே இல்லாமல் திறந்து கிடக்கிறது என்று பொருள்.

இயந்திரம் ஆறும்வரை காத்திருந்து, வால்வைக் கழற்றி வாயால் ஊதினார். காற்று தாராளமாகப் போயிற்று. உள்ளங்கையில் தட்டினார். மிளகுத் தூள் போலக் கறுப்புத் துணிக்கைகள் விழுந்தன. "கரி," என்றார். கனிஸ்டரிலிருந்து புறப்பட்டு வந்த துணிக்கைகள் வால்வின் கழுத்தில் சிக்கி, அதை மூடவிடாமல் செய்திருக்கின்றன. நிரப்பியவுடன் ஆவி மிகுதி. காலை எடுத்தால் இயந்திரத்தின் உறிஞ்சலும் மிகுதி. கணினி கணக்கில் எடுக்காத அத்தனை ஆவியும் ஒரேயடியாக உள்ளே போகிறது. இயந்திரம் மூச்சுத் திணறி அணைகிறது. ஓடும்போது காற்றும் நிறையப் போவதால் அது தெரிவதில்லை. ஸ்கானர் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆவிக் குழாய்களின் கசிவைத் தானே பரிசோதிக்கும் ஏற்பாடு அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் கட்டாயம்; பிற சந்தைகளுக்கான கார்கள் பலவற்றில் அது கிடையாது. இதில் விளக்கு எரியும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான் என்றார்.

வால்வை மாற்றினால் போதுமா என்றேன். "கரி ஏன் ஒடைஞ்சிச்சுன்னு பாக்கணுமே." காரை ஜாக்கியில் ஏற்றி, பின்சக்கரத்துக்கு அருகிலிருந்த கனிஸ்டரைக் கழற்றினார். கரி நிரம்பிய பெட்டி இலேசாக இருக்கவேண்டும்; இது கனத்தது. ஒரு தகரத்துக்குள் சரித்தபோது பெற்றோல் சொட்டியது. ஆவி மட்டுமே போகவேண்டிய இடத்துக்குத் திரவம் போயிருக்கிறது.

"ஐயா கழுத்து வரைக்கும் அடிக்கிற பழக்கமோ?"

ஆம். 2022 ஆம் ஆண்டில் வந்த பழக்கம் அது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் இரவும் பகலும் பெற்றோல் வரிசைகளில் கிடந்தவர்களுள் நானும் ஒருவன். பின்னர் கியூஆர் முறை வந்தது. கார்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். வாரம் முடிந்தால் மிச்ச உரிமை போய்விடும். ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும், சனிக்கிழமை தோறும் போய்த் தாங்கியின் கழுத்து தெரியும்வரை நிரப்புவேன். குழாய் தானாக 'டிக்' என்று நின்ற பின்னரும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக் கேட்பேன். 2023 செப்டெம்பரில் அந்த முறை நீக்கப்பட்டது. பயம் நீங்கவில்லை. தாங்கியின் மேற்பகுதியில் ஆவிக்கென விடப்பட்ட வெற்றிடம் ஒன்று உண்டு என்பதும், அதையும் நிரப்பினால் பெற்றோல் கரிக்குள் ஏறும் என்பதும் எனக்குத் தெரியாது. நனைந்த கரி நாளடைவில் உதிர்ந்து பொடியாகும் என்பதும் தெரியாது. வரிசைக் காலத்துக்குப் பின்னர் இப்படி நாலைந்து கார்கள் தன்னிடம் வந்ததாக இளைஞர் சொன்னார்.

இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் இருப்பதாகச் சொன்னார். தோட்டத்து வான் ஒன்று பத்து மைல் ஓடினால் நின்றுவிடுமாம். தாங்கியின் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும்; உடனே வண்டி கிளம்பும். கனிஸ்டரிலிருந்து வெளிக்காற்றுக்குப் போகும் குழாயின் வாயில் மண்குளவி கூடு கட்டியிருந்ததாம். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் தோற்கும். ஆகவே நின்ற உடனே மூடியைத் திறந்து காது கொடுக்க வேண்டும். காற்று உள்ளே இழுக்கப்பட்டால் அடைப்பு. இழுக்காமல், நிரப்பிய பின்னரே கார் முரண்டு பிடித்தால், வால்வைப் பார்க்கவேண்டும். மலைநாட்டில் குளவியால் எத்தனையோ கேடுகளைப் பற்றிச் செய்தி வெளியிட்டிருக்கிறேன். இது எனக்குப் புதிது.

அவரிடம் மாற்று வால்வு இல்லை. இயந்திரப் பக்கத்து வாயை ரப்பர் மூடியால் அடைத்தார். கனிஸ்டரை வடியவிட்டு மீண்டும் பொருத்தி, அதிலிருந்து வால்வுக்கு வரும் குழாயின் நுனியையும் அடைத்தார். "வெளிக்காத்துக் கொழாய மட்டும் அடைக்கக் கூடாது ஐயா. டேங்கு மூச்சு விடணும். இது ரெண்டு மூணு நாளைக்குத்தான். பண்டாரவளையில பழைய சாமான் கடையில வால்வும் கனிஸ்டரும் சேர்த்தே வாங்குங்க. வால்வ மட்டும் மாத்துனா மறுபடியும் கரி வந்து அடைக்கும்."

கைகளைக் கழுவிக்கொண்டே, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மீரியபெத்த என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"நான் அங்கதான் ஐயா. அன்னைக்குக் காலையில பள்ளிக்கூடம் போயிட்டேன்."

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் அந்த மலை சரிந்தது. பிள்ளைகள் பலர் தப்பியது பள்ளிக்குப் புறப்பட்டிருந்ததால்தான். வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது எனது தொழில். எனினும் வாய் வரவில்லை.

அவர்தான் கேட்டார். "ஐயா பேப்பர்ல இருந்தீங்களா அப்ப? எத்தன பேருன்னு போட்டீங்க?"

அன்று நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். தொலைபேசியில் வந்ததை வைத்துத் தலைப்பு எழுதினேன். முந்நூறு பேர் வரை புதையுண்டிருக்கலாம் என்பது அன்றைய எண். மறுநாள் இருநூறுக்கும் கீழே வந்தது. பின்னரும் குறைந்தது. இறுதியில் அதிகாரிகள் சொன்னது நாற்பதுக்கும் குறைவு. ஒவ்வொரு நாளும் ஒரு எண்ணை மாற்றிப் பொருத்தினோம். அதைச் சொன்னேன்.

"எங்க லயத்துல யார் யாரு இருந்தாங்கன்னு எங்களுக்குத் தெரியும் ஐயா. பள்ளிக்கூடத்துல உக்காந்திருந்த பிள்ளைகளக் கேட்டிருந்தாலே காம்பரா காம்பராவாச் சொல்லியிருப்போம்." கோபமாகச் சொல்லவில்லை. குறட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

மாலை மழைக்கு முன்பாக மீரியபெத்தவைப் பார்த்தோம். மண் சரிந்த தடம் முழுவதும் புல்லும் புதரும் மூடிவிட்டன. அங்கே ஆபத்து உண்டு என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்கள் இரண்டு ஆண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்து, 2016 இல்தான் புதிய வீடுகளுக்குப் போனார்கள். மொத்தம் 75 வீடுகள். அங்கே ஒரு மூதாட்டி எங்களுக்குத் தேநீர் தந்தார். நாட்குறிப்பைத் திறந்து, இம்முறை முதலில் அவரது லயத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அந்தப் பெயர்களை அவர்களின் குடும்பத்தாரிடம் காட்டிச் சரிபார்க்காமல் வெளியிட எனக்கு விருப்பமில்லை. கட்டுரை நிற்பது அதனால்தான்.

பண்டாரவளையில் வால்வும் கனிஸ்டரும் கிடைத்தன. கொஸ்லந்தைக்குத் திரும்பி வந்து அதே இளைஞரிடம் பொருத்திக்கொண்டேன். அவர் கேட்ட கூலி கொழும்பில் பிளக்குகளுக்கு நான் கொடுத்ததிலும் குறைவு. மேலதிகமாகக் கொடுத்ததை மனைவியின் கையில் திருப்பித் தந்துவிட்டார்.

திரும்பும் வழியில் பலாங்கொடையில் மறுபடி பெற்றோல் நிரப்பினோம். குழாய் 'டிக்' என்று நின்றது. கணக்கு மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று ரூபாய். நிரப்பியவர் வழக்கம்போல, "நாலாயிரத்துக்குச் சரியாக்கவா சேர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் மிச்சக் காசைத் தேடிக்கொண்டிருக்கையில், மனைவி எட்டிச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.